தேர்வானவர் மகளா, மின்னஞ்சல் முகவரியா?

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். உதகையில் பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும் என் மகள், சிறந்த மாணவர்களைக் கௌரவிக்கும் சர்வதேசச் சங்கமொன்றுக்குத் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்துள்ளது. மூன்று நாளுக்குள் 95 டாலர் கட்டினால் சான்றிதழும் சட்டையில் குத்தும் பொன்னிறச் சின்னமும் அனுப்புவார்களாம். வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவுமென்றால் இலைப் பணத்திலிருந்து கட்டிவிடலாமா? கடிதத்தை இணைத்துள்ளேன்.

பதில்: கட்ட வேண்டாம். இத்தகைய சங்கங்கள் எல்லாமே போலி என்பதால் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இது பழைய மரபு. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஃபை பீட்டா காப்பா என்ற சங்கம் 1776-இலேயே வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கப்பட்டது. அங்கும் உறுப்பினர் கட்டணம் உண்டு என்பதால், பணம் கேட்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் அங்கே மாணவரைத் தேர்ந்தெடுப்பது அவர் படிக்கும் கல்லூரியிலேயே இயங்கும் கிளை. மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் அக்கல்லூரிப் பேராசிரியர்கள். உங்கள் மகளின் கல்லூரியில் அப்படியொரு கிளை உண்டா என்று துறைத்தலைவரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியில் உள்ள 2005 என்ற எண்ணையும் பெயரோடு ஒட்டியே மகளை விளித்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவர்கள் தலைப்பெழுத்தையாவது சரியாக எழுதியிருப்பார்கள். கல்லூரி, பாடம், பதிவெண் ஆகிய எதுவும் கடிதத்தில் இல்லை. சங்கத்தின் பெயராகக் கிரேக்க எழுத்துகளை எவரும் சூட்டிக்கொள்ளலாம்.

மேற்படிப்பு விண்ணப்பத்தில் முதலில் பார்க்கப்படுபவை மதிப்பெண் பட்டியலும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களுமே. வங்கி அட்டையில் டாலராகக் கட்டும்போது அந்நியச் செலாவணிக் கட்டணமும் பெரும்பாலும் சேரும் என்பதால் 95 டாலர் 95 டாலரோடு நிற்காது. அந்தத் தொகையை விண்ணப்பக் கட்டணத்துக்கு வைத்திருங்கள்.

ஒருவேளை மகள் ஏற்கெனவே கட்டியிருந்தால், முதலில் வங்கியில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். ஏமாற்றி வாங்கியதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-இலும், சொன்னபடி பொருளோ சேவையோ வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் எதிராளியின் முகவரி இந்தக் கடிதத்தில் எங்குமே இல்லாததால், ஆணையத்தின் அறிவிப்பை யாருக்கு அனுப்புவது என்பதே அங்கு முதல் சிக்கலாக இருக்கும்.