பெட்டியில் இருக்கும் பிள்ளைக்கு எத்தனை எக்ஸ்ரே?

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நம் கடற்கரை ஊர்களில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. சிகிச்சை முடிவு உங்கள் டாக்டருடையது.

தங்கச்சிமடம்: அக்கா, பையன் 32 வாரத்தில் பிறந்து மூச்சுத் திணறலோடு இன்குபேட்டர் பெட்டியில் இருக்கிறான். 4 நாளில் 5 எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். ஏதாவது ஆகிவிடுமா?

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஒரு நெஞ்சுப் படத்தில் ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு) கதிர் போகும். மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலும் இருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் தானாகவே சேருகிறது. ஆக, ஒரு படம் என்பது சில நாள் சும்மா இருந்தாலே வருகிற அளவு. கதிரியக்கம் உள்ள மோனசைட் மணல் கிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இந்த இயற்கைக் கதிரே கூடுதல்.

அதற்காக எத்தனை எடுத்தாலும் சரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் செல்கள் வேகமாகப் பெருகும் வயது இது, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. அதனால் "எத்தனையாவது படம்?" என்பதை விட "இது எதைப் பார்க்க?" என்று கேளுங்கள். மூச்சுக்காக வாய் வழியாகக் குழாய் போட்டிருக்கிறோம், திடீரென ஆக்சிஜன் இறங்கியது, வயிறு வீங்கியது என்று பதில் வந்தால் அந்தப் படம் வேண்டும். "தினமும் காலையில் எடுப்போம்" என்பது காரணம் ஆகாது. குழாய் போட்ட குழந்தைக்கும் காரணம் இல்லாமல் தினசரி நெஞ்சுப் படம் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2015லேயே பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

பரமக்குடி, செவிலியர்: மேடம், எங்கள் வார்டில் ஒரே படத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டி வருகிறது. எப்படிக் குறைப்பது?

நல்ல கேள்வி. வீணாகும் கதிரில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது, குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. தலையில் இருந்து ஆரம்பியுங்கள். தாடை நெஞ்சுப் பக்கம் இறங்கினால் மூச்சுக்காகப் போட்ட குழாயின் நுனியும் இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் நுனி மேலே ஏறும். கழுத்து மடங்கியபடி படம் எடுத்து, குழாய் ஆழமாகப் போய்விட்டது என்று இழுத்து வைத்து, அப்புறம் சரிபார்க்க இன்னொரு படம். தலையை நடுவில் நேராக வைத்திருந்தால் இந்த இரண்டாவது படமே வந்திருக்காது. இசிஜி ஒயர்களை நெஞ்சில் இருந்து ஒதுக்குங்கள். இடுப்பு திரும்பாமல் இருக்கிறதா பாருங்கள். தொப்புள் வழியாகவும் குழாய் போடப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் போட்டு முடித்துவிட்டு நெஞ்சும் வயிறும் சேர்த்து ஒரே படமாக எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி நெஞ்சுப் படம் கேட்டால் நெஞ்சு மட்டும்தான் வர வேண்டும். தலை முதல் தொடை வரை முழுப் பிள்ளையும் விழுந்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில படங்களின் ஓரத்தில் பிடித்திருந்தவரின் மோதிர விரல் கூட தெரியும்! மெஷினில் இருந்து விழும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கச் சொல்லி டெக்னீசியனிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். கதிர் படாமல் இருக்க இடுப்புக்கு ஈயத் துண்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் 2019ல் சொன்னார்கள். உடலுக்குள் சிதறும் கதிரை அது தடுக்காது, பார்க்க வேண்டிய இடத்தையும் சில நேரம் மறைத்துவிடும்.

எங்கள் தரப்புக்கு ஒன்று: பழைய ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் அப்படி இல்லை. அளவு கூடினாலும் கம்ப்யூட்டர் அழகாக்கிக் காட்டிவிடும். படம் பளிச்சென்று இருக்கிறதே என்று விட்டுவிடாமல் எவ்வளவு கதிர் விழுந்தது என்று திரையில் காட்டும் எக்ஸ்போஷர் எண்ணைப் பார்க்க வேண்டும்.

கீழக்கரை: அக்கா, எல்லாவற்றுக்கும் ஸ்கேனே எடுத்துவிடலாமே?

பலவற்றுக்கு முடியும். மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்பதை உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்டில் பார்க்கிறோம், கதிரே கிடையாது. நுரையீரலையும் இப்போது அப்படிப் பார்க்கிறார்கள், ஆனால் பயிற்சி பெற்ற கை வேண்டும். நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்துக்கொண்டதாகச் சந்தேகம் வந்தால், விளக்கை அணைத்துவிட்டுக் குளிர் ஒளி விளக்கைத் தோலில் வைத்துப் பார்ப்பதும் உண்டு; காற்று நிறைந்த பக்கம் சிவப்பாக ஒளிரும். குடல் அழற்சியா என்ற சந்தேகத்தில் டாக்டர் வயிற்றுப் படம் கேட்டால் மறுக்காதீர்கள். அங்கே சில மணி நேரத்தில் திரும்ப எடுப்பதற்கும் காரணம் இருக்கும்.

மண்டபம், அப்பத்தா ஒருவர்: பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு எடுக்கையில் என் பேத்தி மேலயும் படுமா தாயி?

ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலே படுவது மிக மிகக் குறைவு, பயப்படாதீர்கள் ஆத்தா. எடுத்து முடித்ததும் கதிர் அங்கே தங்குவதும் இல்லை. தாய்ப்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராமேஸ்வரம்: அண்ணன் குழந்தையை இங்கே இருந்து ராமநாதபுரம், அங்கே இருந்து மதுரை என்று அனுப்பினார்கள். மூன்று இடத்திலும் எக்ஸ்ரே. எதற்கு?

ஒன்றுக்கு நியாயம் உண்டு. மதுரை வரை 170 கிலோமீட்டர் போல வண்டி குலுங்கிப் போகும்போது குழாய் நகரலாம், போனதும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பழைய படம் கையில் இல்லாததால் முதலில் இருந்து எடுப்பது வீண். 108 வண்டி கிளம்பும் முன் படத்தையோ சிடியையோ கேட்டு வாங்குங்கள். இல்லையா, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி திரையை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குழாய் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் ஒட்டப்பட்டது என்பதையும் அனுப்பும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒற்றை எண் மதுரையில் இருப்பவருக்குப் பெரிய உதவி.

தொண்டி: பிறந்தபோது நிறைய எடுத்தாச்சு. இப்போது 6 மாதம், சளிக்கு நெஞ்சுப் படம் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

பழைய எண்ணிக்கையை வைத்து மறுக்க வேண்டாம். இன்றைய படம் சிகிச்சையை மாற்றுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு உள்வாங்குகிறது என்றால் யோசிக்காமல் எடுங்கள், பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் படங்களையும் கையோடு கொண்டு போங்கள்.