கழுத்தைத் திருப்பிய பித்தளைப் பறவை

கேள்வி: இலண்டனில் இருக்கும் மகள் கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைப் பறவை அனுப்பியிருக்கிறா. தலையைப் பின்னால் திருப்பித் தன் முதுகைப் பார்க்கிறது. கானா நாட்டில் தங்கம் நிறுப்பதற்கு வைத்திருந்த படியாம். இது அவர்களுடைய தெய்வமா? சுவாமி அறையில் வைக்கலாமா? பழையதா என்று எப்படி அறிவது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தெய்வம் இல்லை அம்மா, வியாபாரச் சாமான். சுவாமி அறை வேண்டாம். ஆனால் அலுமாரிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள் அது.

கானாவிலும் ஐவரிகோஸ்டிலும் வாழும் அக்கான் மக்களுக்கு ஒரு காலத்தில் காசு என்றால் தங்கத்தூள்தான். உப்பு வாங்கினாலும் அபராதம் கட்டினாலும் தூளை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். சுமார் 1400 முதல் 1900 வரை அதற்கான படிகளைப் பித்தளையில் வார்த்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் அவரவர் தராசையும் படிகளையும் துணியில் முடிந்து கொண்டுவந்து, இரு தரப்பும் நிறுத்துப் பார்த்த பிறகுதான் பேரம் முடியும். மிகச் சிறிய நிறைக்கு விதைகள் இருந்தன, குன்றிமணி உட்பட. எங்கள் ஒழுங்கையில் இருந்த பத்தர் குன்றிமணி போட்டு மூக்குத்திக்குப் பொன் நிறுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல்கள் தாண்டி ஒரு நாட்டிலும் அதே விதைதான் தராசில் ஏறியது என்று அறிந்த நாளிலிருந்து அந்த மக்கள் எனக்கு அந்நியரில்லை.

முதலில் வந்த படிகள் கோடும் கட்டமுமாகவே இருந்தன. மனிதர், மிருகம், பறவை, கதிரை, கேடயம் என்று உருவங்கள் பெருகியது பிற்காலத்தில். நிறுப்பதற்கு ஒரு கட்டித் துண்டு போதும். அப்படியிருக்க ஏன் பறவை செய்தார்கள்? அங்கேதான் அவர்களுடைய அருமை இருக்கிறது. பழமொழி சொல்லத் தெரியாதவனை அக்கான் சபையில் பெரிய மனிதனாக மதிக்கமாட்டார்கள். அந்தப் பழமொழிகளைத்தான் படிகளிலும் வார்த்தார்கள். உங்கள் பறவை சொல்வது இதுதான்: மறந்துவிட்டு வந்ததைத் திரும்பிப் போய் எடுப்பதில் குற்றமில்லை. இன்னொரு படியில் இரண்டு முதலைகள் குறுக்காகக் கிடக்கும். தலை இரண்டு, வயிறு ஒன்று. எந்த வாய் தின்றாலும் ஒரே வயிற்றுக்குத்தான் போகும், ஆனாலும் இரண்டும் சாப்பாட்டுக்கு அடிபடும். பங்குக் காணிக்கும் பொதுக் கிணற்றுக்கும் வழக்குப் பேசிய எங்கள் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

செய்முறை மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவத்தைப் பிடித்து, கரித்தூள் கலந்த களிமண்ணால் மூடிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். உருவத்தை எடுக்க அச்சை உடைக்க வேண்டும், ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று வராது. சில வேளை மெழுகே இல்லை. கச்சான் கோதையோ வண்டையோ அப்படியே களிமண்ணில் பொதிந்து எரித்துவிட்டு உலோகத்தை ஊற்றினார்கள். அந்தக் கச்சான் கோதின் வரிகூடப் பித்தளையில் தெரியும்! நிறை குறைந்தால் ஈயம் சேர்ப்பார்கள், கூடினால் அராவி எடுப்பார்கள்.

1889இல் பிரித்தானியர் தங்கள் கோல்ட் கோஸ்ட் குடியேற்றத்தில் (இன்றைய கானாவின் தென்பகுதி) தங்கத்தூளைச் செல்லாக்காசாக்கினார்கள். நாணயம் பரவப் பரவப் படிகளுக்கு வேலை இல்லாமல் போய், பெருந்தொகை வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது.

சரி, உங்களுடையது பழையதா? உல்லாசப் பயணிகளுக்காக இன்றும் நிறைய வார்க்கிறார்கள், படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல கைகள் பட்ட படியில் மூக்கு, சிறகு நுனி போன்ற மேடான இடங்கள் மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். ஓரமெல்லாம் கூராகவும் பளபளப்பு ஒரே சீராகவும் இருந்தால் புதிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பழையதாக இருந்தால் அந்தக் கறுப்புப் படலம் போனது போனதுதான். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.