கொம்பு ஏன் முன்னால் வருகிறது?

கேள்வி: நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் குடும்பத்தின் பங்கு என்ன? புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தீர்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. எங்கள் வீட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் அக்காவின் பாடப்புத்தகங்கள்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடத்தின் உள்ளேயே போகாதவர். ஆனாலும் 1984இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. என்ன, புத்தகம் தலைகீழாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். மாலையில் புத்தகத்தைத் தரையில் விரித்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு உரக்கப் படிப்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் முழங்கையால் ஓர் இடி விழும். அதனால் எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவளுக்கு இடமிருந்து வலமாகப் போகும் வரி எனக்கு வலமிருந்து இடமாக வரும். பாடத்தின் முதல் வரி என் காலடியில் தொடங்கி, வரி வரியாக அவள் மடியை நோக்கி ஏறும். எல்லோருக்கும் வாய் திறந்து மேலே பார்க்கும் ‘ப’ எனக்குக் கவிழ்த்து வைத்த பாத்திரம். அப்படித்தான் அது இருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே என்ன சத்தம் வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். வெறும் மனப்பாடமா, உண்மையாகவே வாசிக்கிறேனா என்பது ஒரு நாள் தெரிந்தது. அக்கா புதிய பாடத்தைத் திருப்பி, முதல் சொல்லில் தடுமாறினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து நான் சொன்னேன். அந்தப் புத்தகத்தாலேயே தலையில் ஓர் அடி கிடைத்தது. எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் ஆசிரியர் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது நான் செய்த முதல் வேலை அதைத் திருப்பிப் பிடித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அவர் அதை நேராக்கிக் கொடுத்தார். எனக்கு வாயடைத்துவிட்டது. இவன் படம் பார்த்துக் கதை விடுகிறான் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, “இனிமேல் தம்பியைப் பக்கத்தில் உட்காரவை” என்றார். என் கல்விக்காக எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட ஒரே முடிவு அதுதான். ஆனால் சரியான முடிவு. சில வாரங்களில் எழுத்துகள் நிமிர்ந்து நின்றுவிட்டன. (பழைய வித்தை முழுவதும் போய்விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விரிந்து கிடக்கும் கோப்பை இன்றும் என்னால் சரளமாகப் படிக்க முடியும். பல இடங்களில் உதவியிருக்கிறது.)

அக்காவிடம் நான் கற்றதெல்லாம் திருட்டு. நிதானமாக வாசிக்கக் கற்றது அப்பாவிடம், அதுவும் அவருக்கு வேகமாக வாசிக்க வராததால். வேலை செய்யும் இடத்திலிருந்து முந்தைய நாள் செய்தித்தாளைக் கொண்டுவருவார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், உதடு அசைய, வாய்விட்டு. ஒரு தலைப்பை அவர் முடிப்பதற்குள் நான் இரண்டு முறை படித்துவிடுவேன். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது. “நீ சொல்லு, சரிதானா பார்க்கிறேன்” என்பார்.

செய்தித்தாள் தமிழின் நீளச் சொற்கள்தான் அவருக்குப் பகை. ‘எடுக்கப்படவிருக்கின்றன’ என்று ஒன்று வரும். கடைசி எழுத்தைத் தொடும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். மறுபடியும் தொடக்கத்துக்குப் போவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பென்சிலை எடுத்து, ‘எடுக்கப்’ என்ற இடத்தில் ஒரு கோடு, ‘பட’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். மூன்றாக உடைந்ததும் அப்பா மடமடவென்று படித்தார். அதற்குப் பிறகு செய்தித்தாளில் கோடு போடுவது என் வேலையாயிற்று. சொல்லுக்குள் சொல் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே வெட்டலாம் என்பதை எந்த இலக்கண வகுப்புக்கும் முன்னால் அந்தப் பென்சில்தான் எனக்குக் காட்டியது. கோடு போட்டதும் வெற்றெழுத்தாக நின்ற ‘வி’யைப் பார்த்து, அது ‘இ’தான், ஒட்டும்போது ‘வ்’ வந்து சேர்ந்துகொண்டது என்று புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உடம்படுமெய் என்ற பெயர் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பாவால் ஒரு சிக்கலும் வந்தது. அவர் எழுதும் ‘லை’க்கு மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். எனக்கு அது பிடித்துப்போய் நானும் அப்படியே எழுதினேன். நோட்டில் சிவப்பு வட்டம் விழுந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய வடிவத்தைப் படித்துவிட்டுப் பள்ளியை விட்டவர் அப்பா; புதிய வடிவத்தைப் படிக்கப் போனவன் நான். சிவப்பு வட்டத்தைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்தார். “நான் தப்பாகவா எழுதிக்கொண்டிருக்கிறேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நாள் புதிய ‘லை’யைப் பழகிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தும்பிக்கைக்கே திரும்பிவிட்டார். நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்: பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று.

இனி அம்மா. உண்மையில் இந்தப் பதிலை எழுதவே அவர்தான் காரணம்.

எங்கள் மதிப்பெண் அட்டைகளில் அப்பா ஊரில் இல்லாத மாதங்களில் அம்மாவின் கைநாட்டு இருக்கும். அது பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்தவர், கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, “என் பெயரை எழுதக் காட்டித் தா” என்றார். அக்காவிடம் கேட்கவில்லை. அக்காவுக்குப் பொறுமை கிடையாது என்பது வீட்டுக்கே தெரியும்.

எளிது என்று நினைத்து உட்கார்ந்தேன். அம்மாவின் பெயரில் ஒரு கொம்பு உண்டு. ‘செ’ போல ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்பைப் போட்டுக் காட்டினேன். “இது என்ன சத்தம்?” என்றார். இதற்குத் தனியாகச் சத்தம் இல்லை, அடுத்த எழுத்தோடு சேர்ந்தால் ‘எ’ என்று வரும் என்றேன். “சொல்லும்போது ‘ச்’ முதலில், ‘எ’ பின்னால். எழுதும்போது மட்டும் ஏன் பின்னால் வருவது முன்னால் வருகிறது?”

ஐந்து வருடமாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன். அது அப்படித்தான் என்றார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. ‘கொ’வைக் காட்டியபோது இன்னும் மோசம்: “ஒரே சத்தத்துக்கு இரண்டு பக்கமும் காவலா?” கு, சு, டு, து, பு, ரு என்று எழுதிக் காட்டியபோது, ஒரே உகரத்துக்கு இத்தனை வேடமா என்று சிரித்தார்.

247 எழுத்துகள் என்று ஒப்பிக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால், 216 உயிர்மெய்யும் அவை ஒன்றோடொன்று சேர்வதுதான், தனியாக நிற்பது ஆய்தம் ஒன்றே என்பதை அம்மாவுக்குச் சொல்லப் போய்த்தான் நானே விளங்கிக்கொண்டேன். எழுத்தை எங்கே தொடங்குவது, கையை எங்கே எடுப்பது, எது சுழி, எது கால் என்று அதுவரை கவனிக்காமல் கிறுக்கிக்கொண்டிருந்தவன், அவர் கேட்கக் கேட்கத் திருத்தி எழுதினேன். என் கையெழுத்து அந்த வருடம்தான் கையெழுத்தானது.

பெயரைப் பழக அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மேலே போகலாம் என்று நான் கெஞ்சியும் ஒத்துக்கொள்ளவில்லை. தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றார். ஆனால் கொம்பு விஷயத்தில் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதும் கையொப்பம் போடும்போது பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ஒரு விரல்கடை இடம் விட்டுவிட்டு எழுத்தை முதலில் எழுதுவார். பிறகு பேனாவைத் தூக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து கொம்பைப் போடுவார்.