நகையை வைத்து வொஷிங் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: அட்டனில் எங்கள் ஆறு அறை வீட்டில் ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள் என்று ஒன்பது பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். மாத வாடகை 81,000 ரூபா. மழைக் காலத்தில் துணி காயவில்லை என்று முறைப்பாடு. காசு போட்டால் ஓடும் வொஷிங் மெஷினும் ட்ரையரும் வைத்தால் மாதம் 25,000 வரும் என்கிறார், கொழும்பில் மெஷின் விற்கும் என் கொழுந்தன். செலவு 6 இலட்சம். அவருடைய ஓட்டோவுக்காக 4 இலட்சத்துக்கு வைத்த நகைக்கு மூன்று வருடமாக 18 வீத வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறேன். மிச்ச நகையையும் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. மெஷினைப் பிறகு பார்ப்போம். வருடம் 72,000 வீதம் மூன்று வருடத்தில் 216,000 கட்டிவிட்டீர்கள். முதல் அப்படியே நிற்கிறது. ஓட்டோ ஓடுவது அவருக்கு, வட்டி ஓடுவது உங்களுக்கு. வட்டியைக் கட்டினால் நகை பத்திரம் என்ற இந்தப் பழக்கந்தான் வாடகையைத் தின்கிறது.

இனி அவருடைய 25,000. ஒன்பது பேர் வாரம் ஒரு தடவை துவைத்தால் மாதம் ஏறக்குறைய 40 தடவை. 240 ரூபா வீதம் 9,600. பாதிப் பேர் ட்ரையர் போட்டால், 300 வீதம் 6,000. மொத்தம் 15,600. ட்ரையர் ஒரு தடவைக்கு மூன்று, மூன்றரை யூனிட் இழுக்கும். துவைப்பதையும் சேர்த்து 90 யூனிட். யூனிட் 50 ரூபா என்று வைத்தாலும் 4,500 போகும். மிச்சம் 11,100. ஆறு இலட்சத்துக்கு 18 வீத வட்டி மாதம் 9,000. கையில் 2,100; மெஷினின் மின்சுற்றுப் பலகை ஒன்று எரிந்தால் அதுவும் இல்லை. முதலை எதிலிருந்து கட்டுவீர்கள்?

240 ரூபாவுக்கு 10 ரூபாக் குத்தி 24 வேண்டும். யார் சேர்த்து வைப்பார்கள்? கடைசியில் டோக்கன் அடித்து நீங்களே விற்றுக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர்த் தாங்கி குழாய்க்கு இரண்டு மீற்றர் உயரத்தில்தான் என்றால் அழுத்தம் போதாது. தானியங்கி மெஷின் பாதியில் நின்றுவிடும். ஊற்றுத் தண்ணீரின் மண், மெஷினுக்குள் தண்ணீர் போகும் வாயிலுள்ள வடியை அடைக்கும். வீட்டுப் பாவனை மெஷினில் காசுப் பெட்டியைப் பொருத்தித் தந்தால் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. வியாபாரத்துக்கு எந்தக் கட்டண வகை என்று மின்சார அலுவலகத்திலும் கேட்க வேண்டும். இதில் எதையாவது கொழுந்தன் சொன்னாரா? விற்பவர் சொல்லமாட்டார்.

உங்கள் ஆட்களுக்குத் தேவை காயும் இடம். பின்பக்கம் வெளிச்சம் புகும் கூரைத் தகடு போட்டு, காற்றுப் போக இரண்டு பக்கம் திறந்துவிட்டு, கொடி கட்டுங்கள். கூடவே வாளியால் தண்ணீர் ஊற்றக்கூடிய இரட்டைத் தொட்டி மெஷின் ஒன்று. அதன் சுழல் தொட்டியில் பிழிந்த துணியில் ஈரம் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரு இலட்சத்துக்குள் அடக்கப் பாருங்கள்; அதை வாடகையிலிருந்தே மூன்று நாலு மாதத்தில் ஒதுக்கலாம். ஆளுக்கு மாதம் 500 கூட்டினால் 4,500. சில்லறைத் தொல்லை இல்லை.

அடகுக் கடையில் பகுதிப் பணம் ஏற்பார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். வட்டியோடு சேர்த்து மாதம் 25,000 கட்டினால் 19 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அதில் பாதியைக் கொழுந்தன் தரட்டும், ஓட்டோ அவருடையதுதானே. மறுத்தால் அடுத்த யோசனையோடு வரும்போது தேநீர் மட்டும் கொடுங்கள்.