ஆறு வயது மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக் குழுவில் சேர்க்கலாமா?

தங்கச்சி, ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம் என்றும், மகளைப் போட்டிக் குழுவில் விடச் சொல்லி ரீச்சர் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீங்கள். "இதால பிள்ளைக்கு எதிர்காலம் இருக்குதோ?" என்று உங்கட கணவர் கேட்பது நியாயமான கேள்வி. நான் வந்து 24 வருடம். என்ர மகள் ஏழு வயதில் தொடங்கிப் பதின்மூன்றில் விட்டவள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுறன்.

முதலில் எல்லி பிளாக் என்ற கனடா ஜிம்னாஸ்ற்றின் பெயரைத் தேடிப் பாருங்கோ. நோவா ஸ்கோஷியாவில் ஹலிஃபக்ஸைச் சேர்ந்தவர், 1995 இல் பிறந்தவர். 2015 இல் இங்கே ரொறன்ரோவில் பான் அமெரிக்கப் போட்டி நடந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் போட்டியில் ஒட்டுமொத்தத் தனிநபர் (எல்லாக் கருவிகளின் புள்ளியையும் சேர்த்துப் பார்க்கிற பிரிவு), பீம் (ஒடுங்கின கட்டைக்கு மேல செய்கிற பயிற்சி), தரைப் பயிற்சி என்று மூன்று தங்கம் எல்லி எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் பேஸ்மென்ற் காப்பெற்றில் ரேப் ஒட்டினாள்: நீளம் ஐந்து மீற்றர், அகலம் பத்து சென்ரிமீற்றர். பீமின் அளவு அதுதான். என்ர உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், விளிம்பில் கொஞ்சம்தான் மிச்சம். அந்த அகலத்தில், ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் நின்று பின்பக்கமாகக் கரணம் அடிக்கிறார்கள்.

2017 இல் மொன்றியல் உலகப் போட்டியில் எல்லிக்கு ஒட்டுமொத்தத்தில் வெள்ளி. கனடாப் பெண் ஒருவர் அந்தப் பிரிவில் உலகப் பதக்கம் எடுத்தது அதுதான் முதல்முறை. தங்கம் போனது 0.1 புள்ளியில். 2021 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் கணுக்காலில் காயம்பட்டு, ஒட்டுமொத்த இறுதியில் இருந்து விலகினார். சில நாளில் அதே காலோடு பீம் இறுதியில் ஏறி நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கும் எல்லிக்கும் இடையில் 0.134 புள்ளிதான். நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் அழுதோம். 2022 இல் லிவர்பூலில் பீமில் வெள்ளி, அணிக்கு வெண்கலம். உலகப் போட்டியில் கனடாப் பெண்கள் அணி எடுத்த முதல் பதக்கம் அது.

லண்டன், ரியோ, ரோக்கியோ, பரிஸ் என்று நாலு ஒலிம்பிக் போனவர். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் இல்லை. உங்கட கணவருக்கு இதைத்தான் சொல்லுங்கோ: நாட்டிலேயே மிகச் சிறந்தவருக்கே அப்படி. காசு போட்டுப் பதக்கம் எடுக்கிற கணக்கு இதில் சரிவராது. ஆனால் அவர் சொந்த ஊர்க் கழகத்திலேயே, தானும் ஒலிம்பிக் போன டேவிட் கிக்குச்சியிடம் பழகினார். அதே ஊரில் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 28 வயதிலும் பரிஸில் நின்றார். பிள்ளையை முறிக்காத பயிற்சி கிடைத்தால்தான் ஒருவர் அவ்வளவு காலம் நிற்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுறன் என்றால், நாங்கள் முதலில் விட்ட இடத்தில் ஒரு பயிற்சியாளர் மகளின் உடம்பைப் பற்றிக் கதைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. இரவில் இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிடுவாள். களைப்பு என்று நினைத்தேன். ஒருநாள் காரில், பயிற்சிக் கம்பியில் தொங்கித் தோல் உரிந்த கையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நான் குண்டோ?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அடுத்த கிழமையே இடம் மாற்றினோம். எங்கட வீட்டில் மட்டும் நடந்த விஷயமில்லை இது. 2022 இல் எழுபதுக்கும் மேற்பட்ட கனடா ஜிம்னாஸ்டுகள் இப்படியான கொடுமைகளை விசாரிக்கச் சொல்லிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

ஆகவே சேர்க்க முதல் போய் ஒரு வகுப்பு முழுக்க இருந்து பாருங்கோ. பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் சேர்க்காதேங்கோ. பிள்ளையோடு ஒரு பயிற்சியாளர் தனியே இருக்கக் கூடாது என்பது இங்கே விளையாட்டுப் பாதுகாப்பில் அடிப்படை. அதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேளுங்கோ, கேட்க வெட்கப்படாதேங்கோ. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், போட்டிக் கட்டணம், உடுப்பு, பயணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கோ. மாதக் கட்டணம் மட்டும் என்று நினைத்துத்தான் நாங்கள் திணறினோம். வருமானம் குறைவென்றால், பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு உதவுகிற ஜம்ப்ஸ்ராட், கிட்ஸ்போட் என்ற அமைப்புகள் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். நகரசபை வகுப்புகளுக்கு ரொறன்ரோவின் வெல்கம் பொலிசி என்ற கட்டண உதவி இருக்கிறது.

என்ர மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பேஸ்மென்றில் அந்த ரேப் இன்னும் கிடக்கிறது; வீட்டுக்கு வந்தால் ஒருக்கால் நடந்து பார்ப்பாள். வகுப்பு பார்க்கப் போகும்போது துணை வேணுமென்றால் சொல்லுங்கோ, சனிக்கிழமை என்றால் நானும் வருவேன்.