ஐ.நா. அமைதிப்படையில் இறந்த எல்லோருக்கும் ஹாமர்ஷீல்ட் பதக்கம் உண்டா? குடும்பத்துக்கு வேறென்ன கிடைக்கும்?

உண்டு. ஆனால் மரணம் அவரது தவறான நடத்தையாலோ குற்றச் செயலாலோ வந்ததாக இருக்கக் கூடாது; ஐ.நா.வின் நேரடிக் கட்டுப்பாட்டில் நடந்த பணியாகவும் இருக்க வேண்டும். எகிப்தின் சினாயில் இருக்கும் பன்னாட்டுப் படையோ, 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையோ இதில் சேராது. இரண்டும் நாடுகளுக்கிடையே போட்ட ஒப்பந்தத்தின் பேரில் போனவை. பெயரில் 'அமைதி' இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சிப்பாய், போலீஸ், சிவிலியன் ஊழியர் என்ற பேதம் இல்லை. குண்டடிபட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1948 முதல் இறந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரில், தாக்குதலில் மாண்டவர்களைவிட நோயிலும் விபத்திலும் போனவர்களே அதிகம். அஞ்சலிக் குறிப்பு எழுதுவோர் எல்லோரையும் 'போர்க்களத்தில் வீரமரணம்' என்று எழுதிவிடுகிறார்கள். மலேரியாவில் இறந்தவரை அப்படி எழுதுவது மரியாதை இல்லை. அவர் தாங்கிய ஆபத்து எது என்பதையே அது மறைத்துவிடுகிறது.

1961-இல், இன்றைய ஜாம்பியாவில் உள்ள இண்டோலா அருகே விமானம் விழுந்து இறந்த ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டின் பெயரில், 1997-இல் பாதுகாப்பு சபையின் 1121-ஆம் தீர்மானப்படி வந்தது ஹாமர்ஷீல்ட் பதக்கம். பதக்கம் என்றாலும் மார்பில் குத்த முடியாது: நாடா இல்லை, ஊக்கு இல்லை. முட்டை வடிவப் படிகக் கண்ணாடி. அதில் இறந்தவரின் பெயரும் இறந்த நாளும் பொறித்திருக்கும். மே 29 அமைதிப்படையினர் நாளை ஒட்டி நியூயார்க் தலைமையகத்தில் அந்தந்த நாட்டுத் தூதரிடம் கொடுப்பார்கள், பிறகு அது குடும்பத்துக்குப் போகும். கண்ணாடியில் செதுக்கியதைத் திருத்த முடியாது என்பதால், ஆவணத்தில் பெயரின் எழுத்துகளை முன்பே சரிபார்ப்பது நல்லது.

நாடாவோடு மார்பில் அணிவது வேறு, ஐ.நா. பதக்கம். பெரும்பாலான பணிகளில் 90 நாள் சேவை முடித்தால் கிடைக்கும். நாடாவின் நிறம் பணிக்குப் பணி மாறும். பழைய படத்தில் ஒருவர் எங்கே பணிபுரிந்தார் என்று தேடும்போது இந்த நிறங்கள்தான் துப்பு. அபூர்வத் துணிச்சலுக்குத் தனியாக ம்பாயே டியான் பதக்கம் இருக்கிறது. 1994 ருவாண்டா படுகொலையின்போது ஆயுதமில்லாமல் பலரைக் காப்பாற்றி, அங்கேயே உயிர்விட்ட செனகல் கேப்டன் அவர்.

பணத்தைப் பொறுத்தவரை, படைவீரர்களுக்கான இழப்பீட்டை ஐ.நா. குடும்பத்தின் கணக்கில் போடாது, அரசுக்குத்தான் கொடுக்கும். குடும்பத்துக்குச் சேரும் தொகை அதற்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே விசாரிக்க வேண்டிய இடம் நியூயார்க் அல்ல, சொந்த நாட்டின் படைத் தலைமையகம். வாரிசு விவரம் பழையதாகவே கிடந்தால் அங்கேயே கோப்பு நின்றுவிடும்.