புழு எது என்று பார்த்துவிட்டுப் பொறி வாங்குங்கள்

கேள்வி: இரண்டு ஏக்கரில் கொய்யா வைத்திருக்கிறேன். பழத்துக்குள் புழு. கடையில் கொடுத்த பழ ஈப் பொறியில் ஓர் அந்துப்பூச்சிகூட விழவில்லை. வெளிநாட்டு ஆப்பிள் தோட்டங்களில் கிளைதோறும் இனக்கவர்ச்சிக் குழல் கட்டுகிறார்களாமே, அதை வாங்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கட்டுவதற்கு முன் நாலைந்து பழங்களை அறுத்துப் பாருங்கள். தலையும் காலும் இல்லாமல், வெள்ளையாக, தொட்டால் துள்ளுகிற புழு என்றால் அது பழ ஈயின் குட்டி. பழுப்புத் தலையும் கால்களும் இருந்து, பழத்தின் ஓட்டை வாயில் எச்சம் நூலாம்படையோடு ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. கொய்யாவில் பெரும்பாலும் ஆமணக்குக் காய்ப்புழுதான் இப்படித் துளைக்கும். வரப்பில் ஆமணக்கு நின்றால் முதலில் அதை வெட்டுங்கள்.

பழ ஈப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள். ஆண் ஈயைத்தான் இழுக்கும், அந்து அதைச் சீண்டாது. அதனால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், உங்கள் தோட்டத்தில் ஈயா அந்தா என்று முடிவு செய்யுங்கள். ஈ என்றால் அதே பொறியை ஏக்கருக்கு 10 வீதம், காய் பருக்கத் தொடங்கும்போதே கட்டவேண்டும். பழம் மணக்க ஆரம்பித்த பிறகு கட்டினால், முட்டையோடு சுற்றும் பெண் ஈக்கள் தப்பிவிடும்.

ஆப்பிள் குழல் கதை வேறு. அதிலிருப்பது ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துவின் பெண் வாசனை மட்டும். ஏக்கருக்குச் சுமார் 400 குழல், மரத்தின் மேல் பகுதியில், அந்து வெளிவருவதற்கு முன்பே கட்டுகிறார்கள். தோட்டம் முழுக்க வாசனை பரவுவதால் ஆணுக்குப் பெண் இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. இணை சேராத பெண் இடும் முட்டை பொரிக்காது. இது சேர்ந்தாற்போல பத்து ஏக்கராவது இருந்தால்தான் பலன் தரும். உங்கள் இரண்டு ஏக்கருக்குப் பக்கத்துத் தோட்டத்திலேயே இணை சேர்ந்துவிட்ட பெண் பறந்து வந்து முட்டையிடும், குழலால் அதைத் தடுக்க முடியாது. போதாக்குறைக்கு, ஆமணக்குக் காய்ப்புழுவின் அந்துக்குக் காட்லிங் வாசனை பொருட்டே இல்லை. காசை வீணாக்காதீர்கள். காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போது உறை கட்டுங்கள், உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். ஈ, அந்து இரண்டுக்குமே இது பொருந்தும்.

கேள்வி: கத்தரிக்கு லூர் (பெண் அந்துவின் வாசனை ஏற்றிய துண்டு) வைத்த பொறியில் தினமும் அந்து விழுகிறது. காயும் சொத்தையாகிறதே?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: விழுவதெல்லாம் ஆண். முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், தப்பிய சில ஆண்களே போதும். ஏக்கருக்கு ஐந்து பொறி என்பது பூச்சி எப்போது ஏறுகிறது என்று கண்டுகொள்ளத்தான். எண்ணிக்கை சட்டென்று கூடினால் அந்த வாரமே தோட்டத்துக்குள் இறங்குங்கள். வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு, அரை விரல் கீழே சேர்த்துக் கிள்ளிக் கொளுத்துங்கள். பழைய கத்தரி மாரை அடுப்பெரிக்க வேலியோரம் அடுக்கியிருக்கிறீர்களா? அதற்குள் இருக்கும் கூட்டுப்புழுவிலிருந்துதான் அந்து வந்துகொண்டே இருக்கும். அதை மூடி வையுங்கள், இல்லை சீக்கிரம் எரித்துத் தீருங்கள்.

பொறி செடியின் உச்சிக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். செடி வளர வளரக் கம்பில் ஏற்றிக் கட்டுங்கள். தண்ணீர்ப் பொறி என்றால் சில சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள், லூர் தண்ணீரில் நனையக்கூடாது. சித்திரை வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கேள்வி: மீதி லூரை எப்படி வைப்பது?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: உறை பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில். மருந்து தொட்ட கையாலோ, புகையிலைக் கையாலோ எடுக்காதீர்கள். ஒரு பூச்சியின் லூரைத் தொட்ட கையுறையோடு அடுத்ததைத் தொடவும் வேண்டாம். மாதம் ஒருமுறை மாற்றுங்கள், கோடையில் அதற்கு முன்பே. பழையதை வயலில் வீசாமல் வெளியே கொண்டுபோங்கள், கிடந்தால் ஆண் பூச்சி பொறியை விட்டு அங்கே சுற்றும்.